கொசுவுக்குக் கை கொடுத்தவர்

சங்கரன்கோவிலில் பாதிச் சனத்துக்கு, தாங்கள் ஒரு நாள்கூட நேரில் பார்த்திராத எப்சிபா என்ற பெண்பிள்ளையின் ஞாபகம் உண்டு. ஊருக்கு மாற்றலாகி வருகிற பேங்க் ஊழியர்களுக்கும், விசைத்தறிக் கொட்டகையில் தங்கி வேலை பார்க்கிற வடக்கத்திப் பையன்களுக்கும்கூட ஒரு மழைக்காலம் கழிவதற்குள் அது வந்துவிடும். மழை வரப்போகிறது என்றால் அவளுக்கு இடது காது மட்டும் அரிக்கும் என்பதும், பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்தால் செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வாள் என்பதும், எதிரில் இருக்கிறவர் கொட்டாவி விட்டால் அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிடும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். இதில் எதுவுமே தெரியாதவர் ஊரில் ஒருவர்தான். அவர் எப்சிபாவின் வீட்டுக்காரர், ராஜபாளையம் ரோட்டில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருக்கிற ஜெயசிங்.

ஜெயசிங் கடையில் எல்லாம் கிடைக்கும் என்றாலும் ஓடுகிற சரக்கு டிரம்தான். குழாயில் வாரத்துக்கு ஒரு தரம் தண்ணீர் வருகிற ஊரில் புதுசாகக் கல்யாணமானவர்களுக்குக் கட்டில் வாங்குவதற்கு முன்னால் டிரம் வாங்கிக் கொடுப்பார்கள். மொட்டைமாடியில் ஒன்று, முற்றத்தில் இரண்டு, குளியலறைக்குப் பக்கத்தில் ஒன்று என்று நீல டிரம் இல்லாத வீடு கிடையாது. காலில் வெள்ளை வரி போட்ட பகல் கொசுவுக்கு அதைவிடத் தோதான இடம் வேறெதுவும் தேவைப்படவில்லை. மழை பெய்கிற ஊர்களில் டெங்கு மழையோடு வரும். இங்கே மழை பெய்யாதபோதும் வந்தது, ஏனென்றால் மழை பெய்யாதபோதுதான் சனங்கள் தண்ணீரைப் பிடித்துப் பிடித்து வைத்தார்கள். எப்சிபாவுக்கு வந்ததும் அப்படி ஒரு கத்திரி வெயிலில்தான். காய்ச்சல் என்று படுத்தவள் காய்ச்சல் விட்ட மறுநாள் மோசமாகி, திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள்.

அதற்குப் பிறகு ஜெயசிங் கடையைத் திறந்தார், கடையைச் சாத்தினார், ஓட்டலில் சாப்பிட்டார். கடைக்குப் பின்னாலேயே வீடு. மகன் ராஜேஷ்குமார் ஷார்ஜாவில் இருந்தான், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து போன் செய்வான். சாப்பிட்டீங்களா என்பான், சாப்பிட்டேன் என்பார், மாத்திரை போட்டீங்களா என்பான், போட்டேன் என்பார், பிறகு இருவரும் அடுத்தவர் பேசட்டும் என்று காத்திருப்பார்கள். வாளி வாங்க வருகிறவர்களிடம் ஜெயசிங் தேவைக்கு மேல் பேசினார். மூடி எந்த அளவு, கைப்பிடி எத்தனை நாள் தாங்கும், வெயிலில் வைத்தால் என்ன ஆகும் என்று அவர் விளக்கிக்கொண்டே போக, வந்தவர்கள் ஒரு காலைப் படியில் வைத்தபடி நின்றார்கள். ஆள் வராத மத்தியானங்களில் காலி டிரம்முக்குள் குனிந்து, "ஏட்டி" என்று கூப்பிட்டுப் பார்ப்பார். டிரம் அதையே திருப்பிச் சொல்லும். பிறகு நிமிர்ந்து, யாரும் பார்த்துவிட்டார்களோ என்று ரோட்டைப் பார்ப்பார். ரோட்டில் பஸ் போய்க்கொண்டிருக்கும்.

நல்ல கொசு விடுகிறோம் என்று ஒலிபெருக்கி கட்டின வேன் ஊருக்குள் வந்தது அதற்கு அடுத்த வருஷம். இருக்கிற கொசு காணாதென்று இதுவேறா என்று சனங்கள் சிரித்தார்கள். வேனில் வந்தவர்களில் விஜிதா என்ற பெண், தூத்துக்குடிக்காரி, பூச்சியியல் படித்தவள், தெருத்தெருவாக நின்று பொறுமையாக எடுத்துச் சொன்னாள். இந்தக் கொசுவின் உடம்புக்குள் ஒரு பாக்டீரியா இருக்கிறது, பழ ஈக்களிடம் சாதாரணமாக இருப்பதுதான், மனுஷனை ஒன்றும் செய்யாது. அது உள்ளே இருந்தால் கொசுவின் உடம்பில் டெங்குக் கிருமி பெருக முடியாது. தாய்க் கொசுவிடமிருந்து முட்டைக்கு, முட்டையிலிருந்து குஞ்சுக்கு என்று அது வம்சத்தோடு போகும். கொஞ்ச காலத்தில் ஊர்க் கொசு பூராவும் இந்த வம்சமாகிவிட்டால் கடித்தாலும் காய்ச்சல் வராது. "அப்ப கடிக்கத்தான் செய்யும்?" என்று ஒரு அம்மாள் கேட்டாள். "கடிக்கும்" என்றாள் விஜிதா. அந்த ஒரு பதிலில் சனங்களுக்கு அவள்மீது நம்பிக்கை வந்தது.

ஆனால் சங்கரன்கோவில் வெயில் விஜிதா படித்த பாடத்தில் இல்லாத வெயில். ஈரமான ஊர்களில் தானாகப் பெருகின கொசு இங்கே சித்திரை மாதத்தைத் தாண்டவில்லை. மாடி டிரம்மில் கைவைத்தால் சுடுகிற தண்ணீரில் கொசுப்புழு பிழைத்தது, புழுவுக்குள் இருந்த பாக்டீரியா செத்தது. அதிலிருந்து பறந்து வந்தது பழைய கொசுதான். முட்டையிலும் அதே கதை. பழைய கொசுவின் முட்டை வறண்ட டிரம்மின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் படுகிறவரை மாதக்கணக்கில் காத்திருக்கும். நல்ல கொசுவின் முட்டைக்கு அந்தக் காத்திருப்பு தெரியாது, காய்ந்து சுருங்கிவிடும். ஆகவே ஒரு வம்சத்தையாவது குளிர்ந்த இடத்தில் வைத்துக் கோடை முழுக்க உயிரோடு காப்பாற்றி, வெயில் தணிந்ததும் அதன் முட்டைகளை ஊருக்குள் வைப்பது என்று முடிவானது. ஏசி போட்ட அறையில் காற்று வறண்டு கொசு செத்தது. அப்புறம்தான் விஜிதா இடம் தேடி ஜெயசிங்கின் கடைக்கு வந்தாள்.

அந்த வீடு முன்னால் நெசவுக்காரர்களுடையது. பின்னறையில் தறிக்குழிகள் அப்படியே இருந்தன, மண் சுவர் ஒரு முழ அகலம், அக்கினி நட்சத்திரத்திலும் தரை சில்லென்றிருக்கும். "இங்கன ஒரு ரூம் கிடைக்குமா அண்ணாச்சி, கொசு வளர்க்க?" என்று விஜிதா கேட்டாள். ஜெயசிங் யோசிக்கவே இல்லை. சாவியைக் கொடுத்துவிட்டார். தன்னிடம் இருக்கிற ஒன்றை இன்னொருவர் கேட்டு வந்து அவருக்கு நெடுநாள் ஆகியிருந்தது.

பின்னறையில் வலைக்கூண்டுகள் வந்து இறங்கின. முட்டை வைக்க வேண்டுமென்றால் பெண்கொசுவுக்கு ரத்தம் வேண்டும். ஆட்டு ரத்தத்தை வாங்கி வந்து, சூடாக்கி, மெல்லிய தோலில் கட்டித் தொங்கவிட்டார்கள். கரண்டு போய்ப் போய் வந்ததில் ரத்தம் உறைந்தது, கொசு வாயே வைக்கவில்லை. ஒரு மத்தியானம் ஜெயசிங் எட்டிப் பார்த்தபோது விஜிதா தன்னுடைய கையைக் கூண்டுக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வலிக்காதா தாயி?"

"பழகிட்டு அண்ணாச்சி. லேபுல எல்லாரும் இப்படித்தான் செய்வோம்."

"நீ சாப்பிட்டியா?"

"இனிதான்."

"எந்திரி. நான் வைக்கேன்."

சட்டைக் கையை மடித்து அவர் வலது கையை உள்ளே விட்டார். கூண்டின் மூலைகளில் இருந்த கொசுவெல்லாம் வந்து அடர்ந்து உட்கார்ந்தன. எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது, அவ்வளவுதான். ஒரு கை மாட்டிக்கொண்டிருக்கிற மனுஷனுக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை, நினைக்கலாம். அவர் எப்சிபாவை நினைத்தார். பொத்தாம்பொதுவாக இல்லை, ஒரு குறிப்பிட்ட நாளை, அன்றைக்கு அவள் உடுத்தியிருந்த சேலை, நின்ற இடம், சொன்ன சொல் என்று ஒவ்வொன்றாக. கொசுக்கள் வயிறு சிவந்து பறந்து போய் வலையில் ஒட்டிக்கொண்டன. இரண்டு மூன்று நாளில் ஈரக் காகிதத்தில் முட்டை கறுப்பாகக் கொட்டிக் கிடந்தது. விஜிதாவின் ரத்தத்துக்கு வந்த முட்டையில் பாதி பொரிக்காது. ஜெயசிங்கின் ரத்தத்துக்கு வந்தது அத்தனையும் பொரித்தது. அவள் பூதக்கண்ணாடியை இரண்டு தரம் துடைத்துவிட்டுப் பார்த்தாள்.

அந்தக் கோடை பூராவும் அவர் மத்தியானத்தில் கடையைச் சாத்திவிட்டுப் பின்னறைக்குப் போனார். அரிப்புக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டார். நாளில் அந்த ஒரு பொழுதுக்காகக் காத்திருக்கிறோம் என்பது தெரிந்தபோது அவருக்கே வெட்கமாக இருந்தது. ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முன்னால் முட்டைக் காகிதங்களைத் தண்ணீர் ஊற்றின சின்னச் சின்ன டப்பாக்களில் போட்டு வீடுவீடாக வைத்தார்கள். கொசு பறந்தது, கடித்தது. அந்த ஐப்பசியில் ஊரில் டெங்கு பாதியாகக் குறைந்தது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அதே ஐப்பசியில்தான் டீக்கடை இசக்கித்துரை, ஜெயசிங்குக்கு முன்னால் கிளாஸை வைத்துவிட்டுப் போகாமல் நின்றான்.

"அண்ணாச்சி, தப்பா நினைக்காதிய. உங்க வீட்டம்மா கொடுக்காப்புளி திங்கும்போது கொட்டையத் துப்ப மாட்டாகல்லா? கன்னத்துக்குள்ளயே ஒதுக்கி ஒதுக்கி வச்சு, கடைசில மொத்தமா உங்க உள்ளங்கையில துப்புவாக."

"உனக்கு யாருவே சொன்னா?"

"யாரும் சொல்லலை. காலையில எந்திச்சேன், தெரியுது. அவுகள நான் பார்த்ததுகூட இல்லியே."

ஜெயசிங் ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டு டீயைக் குடித்தார். வீட்டுக்கு வருகிற வழியில் யோசித்துப் பார்த்தார். கொடுக்காப்புளி ஞாபகம் இருந்தது. கொட்டை கறுப்பாக இருக்கும் என்பதும் ஞாபகம் இருந்தது. எப்சிபா தன் உள்ளங்கையில் துப்பினது மட்டும் இல்லை. சுவரில் படம் மாட்டியிருந்த இடம் படத்தை எடுத்த பிறகு வெளுப்பாகத் தெரிவதைப் போல, அங்கே ஏதோ இருந்தது என்பது மட்டும் தெரிந்தது.

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். பஸ் கண்டக்டருக்கு அவள் பாடுகிற சத்தம் தெரிந்தது. பக்கத்துச் செல்போன் கடை சித்தீக்குக்கு, அவள் மீன் கழுவிய கையால் ஜெயசிங்கின் மூக்கைத் தொட்டுவிட்டு ஓடினது தெரிந்தது, சொல்ல வெட்கப்பட்டு இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னான். சிலர் டாக்டரிடம் போனார்கள். டாக்டர் எல்லோருக்கும் சத்து மாத்திரை எழுதிக்கொடுத்துவிட்டு, அந்தம்மா தலை துவட்டினால் துண்டைத் தோளில் போட மறந்து கதவில் போட்டுவிட்டுப் பிறகு தேடுவார்களாமே என்று தன் பங்குக்குக் கேட்டார். சனங்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காய்ச்சல் வருவதற்கு இது தேவலை என்று இருந்தார்கள்.

ஜெயசிங்குக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவள் பெயரை அத்தனை வாய்கள் சொல்லி அவர் கேட்டதே இல்லை. விஜிதாதான் ஒரு நாள் கண்ணெல்லாம் சிவந்து வந்து நின்றாள். ஆரம்பத்தில் தன் கையைக் கொடுத்த கொஞ்ச நாளைக்கு ஏற்ற ஞாபகம் அவளிடமிருந்தும் போயிருந்தது. பூக்கடைக்காரி ஒருத்தி அவளைக் கூப்பிட்டு, உங்கப்பா உன் செருப்பு வாரை வாசல்ல உட்கார்ந்து தச்சது என் கண்ணுலேயே நிக்குதும்மா என்று சொல்லியிருக்கிறாள். விஜிதா வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டால், ஆமாம், நீ மூணாப்பு படிக்கையில, மறந்துட்டியா என்கிறார் அப்பா.

"அது கடிச்சா போகுது அண்ணாச்சி. நம்மகிட்டருந்து எடுத்துட்டுப் போயி அவங்களுக்குக் கொடுக்குது. நான் எங்க ஆபீஸுல எப்படிச் சொல்லுவேன்? சொன்னா என்னையத்தான் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்க."

ஜெயசிங் தன்னுடைய வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடுத்த நாள் மத்தியானம் அவர் கடையைச் சாத்தவில்லை. விஜிதா வற்புறுத்தவும் இல்லை. மறுபடி ஆட்டு ரத்தத்தைக் கட்டித் தொங்கவிட்டாள். அந்த வருஷம் மாசியிலேயே வெயில் ஏறிவிட்டது. கூண்டுகளில் கொசு மெலிந்து, உதிர்ந்து, ஒரு கூண்டளவுக்கு வந்து நின்றது. ஜெயசிங் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு, மிச்சம் இருக்கிற ஞாபகங்களை வீட்டுப் பீரோவைச் சரிபார்ப்பதுபோல் சரிபார்த்தார். கல்யாணத்தன்று மழை. முதல் தரம் அவள் கோபித்துக்கொண்டு இளையரசனேந்தலில் அவள் அக்காள் வீட்டுக்குப் போனது. இருக்கிறது, இருக்கிறது என்று ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துக்கொண்டு அவர் கோடையைக் கழித்தார். அப்படிக் கையில் வைத்துக்கொண்டிருப்பதும் அவரைத் தனியாகத்தான் வைத்திருந்தது. டிரம்முக்குள் கூப்பிடுவதை அவர் நிறுத்தியிருக்கவில்லை.

ஊருக்குள் பழைய கொசு திரும்பி வந்தது. ஆவணியில் சித்தீக்கின் மகன் ஷாஜித்துக்குக் காய்ச்சல். ஒன்றாம் வகுப்புக்குப் போகிற பிள்ளை, கடை வாசலில் ஜெயசிங்கின் மக்குகளை அடுக்கிக் கோட்டை கட்டி விளையாடுகிறவன். சித்தீக் கடையை இழுத்துச் சாத்திவிட்டு, கையில் பிளாஸ்கும் பாயுமாகத் திருநெல்வேலி பஸ்ஸுக்கு ஓடுவதை ஜெயசிங் பார்த்தார். "என்னவே?" என்று கேட்டதற்கு, "ரத்த அணு இறங்கிட்டே போகுதாம் அண்ணாச்சி" என்று திரும்பிப் பார்க்காமலேயே சொல்லிவிட்டுப் போனான். அந்தச் சொல்லை ஜெயசிங்குக்குத் தெரியும். அதை எந்த வராந்தாவில், எந்த நர்ஸ் வாயில் கேட்டார் என்பதும் தெரியும். அந்த வாரம் அவர் தூங்கினாரா என்று யாருக்கும் தெரியாது. ஷாஜித் பிழைத்து வந்தான், கழுத்தெலும்பு தெரிய மெலிந்து, அப்பா தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு. மக்குகளைக் கொடுத்தால் வாங்கக் கை தூக்கவில்லை.

அன்று மத்தியானம் ஜெயசிங் பின்னறைக்குப் போய் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். விஜிதா அவர் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"வேண்டாம் அண்ணாச்சி. நான் கொடுக்கேன். மாத்தி மாத்தியாவது கொடுப்போம்."

"நீ பேசாம இரு மக்கா. உனக்கு இது சேர்த்து வைக்கிற வயசு. இப்பமே செலவழிச்சா பின்னால எதை நினைப்ப?"

"நீங்க எதை நினைப்பிய?"

ஜெயசிங் சட்டைக் கையை மடித்தார். கூண்டின் துணிவாயைத் திறந்து கையை உள்ளே விட்டார்.

அதன் பிறகு வருஷங்கள் சீக்கிரம் போயின. கல்யாணத்தன்று பெய்த மழை போயிற்று, அது கோமதியம்மன் கோவில் தெருவில் ஒரு ஆட்டோக்காரருக்குப் போய்ச் சேர்ந்தது. இளையரசனேந்தல் கோபம் ஒரு பள்ளிக்கூட டீச்சருக்குக் கிடைத்தது, அவள் அதை நினைத்து வகுப்பில் சிரித்தாள். எது போயிற்று என்று ஜெயசிங்குக்குத் தெரியாது, யாராவது வந்து சொன்னால்தான் தெரியும். சொல்கிறவர்களை அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். ஆஸ்பத்திரியில் காய்ச்சல் வார்டுக் கட்டில்களில் வேறு நோயாளிகளைப் படுக்க வைத்தார்கள். தென்காசி, ராஜபாளையம் பக்கத்திலிருந்தெல்லாம் அதிகாரிகள் வந்து பின்னறையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். வருகிறவர்கள் போன பிறகு வீடு முன்னிலும் அமைதியாக இருந்தது. ஓட்டலில் வாங்கி வந்த ராத்திரிச் சாப்பாட்டுக்கு இலை போடும்போது இன்னொரு இலை போட வேண்டும் என்கிற எண்ணம் முன்பெல்லாம் வரும். அது நின்றுபோனது. ஏதோ குறைகிறது என்பது மட்டும் நிற்கவில்லை. என்ன குறைகிறது என்று தெரியாமல் குறைவது, தெரிந்து குறைவதைவிடக் கனமாக இருந்தது.

ராஜேஷ்குமார் லீவில் வந்தான். அப்பாவுக்கு உடம்பு தேறியிருப்பதாக அவனுக்குப் பட்டது. மூன்றாம் நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஜெயசிங் சாதாரணமாகக் கேட்டார்.

"ஏலே, உங்கம்மா கறுப்பா, சிவப்பா?"

மகன் கையைக் கழுவிவிட்டு எழுந்துபோனான். வாசலில் நின்று, போட்டோ சுவரிலதான தொங்குது, பாருங்க என்று கத்தினான். ஜெயசிங் போய் போட்டோவைப் பார்த்தார். நல்ல லட்சணமான பெண்பிள்ளை, கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தாள். அவர் சட்டத்தைத் துடைத்தார். அன்று சாயங்காலம் முழுக்க ராஜேஷ்குமார் வீட்டுக்குள் வரவில்லை. முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான், கொசு கடித்ததை விரட்டவும் இல்லை. மறுநாள் காலையில் காப்பி கொடுக்க வந்த ஜெயசிங்கின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அப்பா. நான் அம்மா வயித்துல இருக்கும்போது நீங்க ரெண்டு பேரும் புளியங்குடி போயிருந்தியளா?"

"தெரியலியே."

"எலுமிச்சம்பழ மண்டியில ஒரு மூட்டை அவிழ்ந்து பழமெல்லாம் ரோட்டுல ஓடுது. அம்மா குனிய முடியாம காலால தடுத்துத் தடுத்து நிறுத்துதா. நீங்க பொறுக்குதிய. மண்டிக்காரர் சத்தம் போடுதாரு. அம்மா உங்களப் பார்த்துக் கண்ணடிக்கா."

"அப்படியா?" என்றார் ஜெயசிங். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்ல ஆளாத்தான் இருந்திருக்கா."

மகன் அழுதான். லீவு முடிகிறவரை தினமும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தான். தான் பிறப்பதற்கு முந்தின அம்மாவைத் தன்னால் முடிந்தமட்டும் வாங்கிக்கொண்டு விமானம் ஏறினான். ஞாயிற்றுக்கிழமைப் போன்களில் அதற்குப் பிறகு பேச்சு இருந்தது. அவன் சொல்வான், இவர் கேட்பார்.

போன வருஷம் தை மாதத்தில் விஜிதா கணக்கெல்லாம் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு கோடையைத் தாண்டிவிட்டால் போதும், அப்புறம் ஊர்க் கொசுவில் பெரும்பங்கு இந்த வம்சமாகிவிடும், பின்னறையே வேண்டியிருக்காது என்று சொன்னாள். ஜெயசிங் ஸ்டூலில் உட்கார்ந்தபடி கையை மடியிலேயே வைத்திருந்தார்.

"இனி ஒண்ணுதாம்மா இருக்கு" என்றார்.

கொசுக்கள் நல்லதையெல்லாம் முதலில் எடுத்துக்கொண்டு ஒன்றை மட்டும் கடைசிவரை தொடாமல் விட்டிருந்தன. எப்சிபா செத்தது கொரோனா ஊரடங்கு நாட்களில். ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு மேல் அவரை உள்ளே விடவில்லை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவள் கையை உயர்த்தினாள், வா என்றா, போ என்றா என்று அவருக்கு விளங்கவில்லை. சாயங்காலம் வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். ஷார்ஜாவிலிருந்து விமானம் இல்லை. கல்லறைத் தோட்டத்தில் குழி தோண்டுகிறவர்கள் இரண்டு பேர், வண்டி ஓட்டி வந்தவர், ஜெயசிங். சர்ச் ஐயர் போன் வழியாக ஜெபம் செய்தார், நடுவில் சிக்னல் போய்விட்டது. துக்கம் விசாரித்துத் துட்டி கேட்க ஒரு ஆள் வரவில்லை, வரக் கூடாது என்று சட்டம். வீட்டுக்கு வந்து அவர் கதவைச் சாத்தினார், சாத்தின சத்தம் கேட்டது.

"இதப் போயி எப்படிம்மா ஊருக்குக் கொடுக்க? சின்னப் பிள்ளைகளையும்தான கடிக்கும்."

"அப்ப வேண்டாம் அண்ணாச்சி. இதோட விட்ருவோம். வேற வழி பார்ப்போம்."

வேறு வழி இல்லை என்பது இருவருக்கும் தெரியும். ஜெயசிங் பங்குனி முழுக்க யோசித்தார். அவளை அவள் என்று அவருக்குக் காட்ட அந்த ஒன்றுதான் மிச்சம். அதையும் கொடுத்துவிட்டால் சுவரில் இருப்பது யாரோ ஒரு பெண்பிள்ளையின் போட்டோ. கொடுக்காவிட்டால் மழைக்காலத்தில் ஏதாவது ஒரு பிள்ளை அந்த வராந்தாவுக்குப் போகும். சித்திரை பிறந்து கூண்டில் கொசு மெலிய ஆரம்பித்த ஒரு மத்தியானம் அவர் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, கல்லறைத் தோட்டத்துக்கு ஒரு நடை போய்விட்டு வந்து, கையை உள்ளே விட்டார். கொசுக்கள் உடனே வரவில்லை. அவர் வராந்தாவை நினைத்தார், கண்ணாடியை நினைத்தார், உயர்ந்த கையை நினைத்தார். அப்போதுதான் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. எதிரில் நின்ற விஜிதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கடைசிக் கொசு எழுந்து பறந்ததும் ஜெயசிங் கையை வெளியே எடுத்துத் தேய்த்துக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"எதுக்கு அழுத தாயி? வீட்டுல எதும் விசேஷமா?"

முட்டைகள் வழக்கம்போலப் பொரித்தன. டப்பாக்கள் வீடுவீடாகப் போயின. ஆடித்தபசுக் கூட்டம் கலைந்து கொஞ்ச நாள் ஆகியிருக்கும், ஒரு வெள்ளிக்கிழமை காலையில் சங்கரன்கோவில் துக்கத்தோடு எழுந்தது. யாரும் யாரிடமும் கேட்டுக்கொள்ளவில்லை. கடைகளைப் பாதி ஷட்டரோடு விட்டார்கள். விசைத்தறிச் சத்தம் நின்றது. பிள்ளைகள் அழவில்லை, அம்மாவின் இடுப்பை விடாமல் மட்டும் இருந்தன. பத்து மணி வாக்கில் ஆம்பளைகள் தோளில் துண்டும் பொம்பளைகள் முக்காடுமாக ராஜபாளையம் ரோட்டில் நடக்க ஆரம்பித்தார்கள். கடைக்குள் இருந்த ஸ்டூலெல்லாம் போதாமல் சித்தீக் டிரம்களைக் கவிழ்த்துப் போட்டான். சனங்கள் அதன்மேல் உட்கார்ந்தார்கள். துட்டி வீட்டில் பேசுகிற பேச்சு கொஞ்சம்தான், அதைப் பேசினார்கள். இசக்கித்துரை ஒரு பாய்லர் நிறையக் கடுங்காப்பி கொண்டுவந்தான்.

ஜெயசிங்குக்கு ஒன்றும் புரியவில்லை. சித்தீக்கின் காதருகில் குனிந்து கேட்டார்.

"யாருக்குவே என்ன?"

"உங்க வீட்டம்மாவுக்கு, அண்ணாச்சி. அன்னிக்கு எங்களால வர முடியல."

"ஓ" என்றார் ஜெயசிங். வந்தவர்களுக்கு மரியாதை செய்ய வேண்டும் என்று தோன்றியது. கல்லாவை விட்டு இறங்கி வந்து அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்தார். ஆம்பளைகள் ஒவ்வொருவராக வந்து அவர் இரண்டு கைகளையும் பிடித்துவிட்டுப் போனார்கள். வலது கையில் தடிப்புகள் தட்டுப்பட்டதை யாரும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர்தான் மற்றவர்களைத் தேற்றிக்கொண்டிருந்தார். ஷாஜித்தை மடியில் வைத்துக்கொண்டு, ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று முதுகைத் தட்டினார். விஜிதா காப்பித் தம்ளர்களைக் கழுவிக் கழுவிக் கொடுத்தாள். மத்தியானத்துக்கு மேல் பக்கத்து ஊர்களிலிருந்தும் பஸ்ஸில் வந்தார்கள், கொசுவுக்கு எல்லை தெரியாது அல்லவா.

கரிவலம்வந்தநல்லூரிலிருந்து வந்த பேச்சித்தாய் என்ற அம்மாள், களையெடுப்பிலிருந்து நேராகப் பஸ் ஏறினவள், காலில் சேறு காய்ந்திருந்தது, எல்லோரும் போன பிறகும் அழுதுகொண்டிருந்தாள். வெயில் தாழ்ந்து ரோட்டில் பஸ்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு போயின. ஜெயசிங் ஒரு சொம்புத் தண்ணீரை அவளிடம் நீட்டினார்.

"அழாத தாயி. இந்தா, குடி. அந்தப் பொம்பளப்பிள்ளை எப்படிப்பட்ட ஆளு? உனக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன அண்ணாச்சி" என்று பேச்சித்தாய் மூக்கைச் சிந்திவிட்டுத் தண்ணீரைக் குடித்தாள். கரிவலம் பஸ் வந்து நின்று ஆரன் அடித்தது. அவள் அதைத் திரும்பிப் பார்த்துவிட்டு, அடுத்ததில் போய்க்கொள்ளலாம் என்று டிரம்மின்மேல் நன்றாக நகர்ந்து உட்கார்ந்தாள். ஜெயசிங் இன்னொரு டிரம்மைக் கவிழ்த்து அவளுக்கு எதிரில் போட்டுக்கொண்டார். பேச்சித்தாய், எப்சிபா மாவாட்டும்போது உரலோடு சண்டை போடுவதிலிருந்து ஆரம்பித்தாள்.